வாஷிங்டன் போனால் சீடர் ஹில்லையும் பார்த்துவிட்டு வாருங்கள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் வாஷிங்டனில் நாங்கள் கூட்டிக்கொண்டு போகிற வரிசை ஒன்று இருக்கிறது. லிங்கன் நினைவகம், வெள்ளை மாளிகை வேலி, கேப்பிட்டல், விமான அருங்காட்சியகம், நேரம் இருந்தால் ஜெபர்சன் மண்டபம். போன தடவை அப்பா வந்தபோது எனக்கு லீவு கிடைக்காததால் அவரை ஒரு தனியார் சுற்றுலா வேனில் ஏற்றிவிட்டேன். நாலு மணி நேரத்தில் ஒன்பது இடம், இறங்கு, போட்டோ எடு, ஏறு, இதேதான். ராத்திரி சாப்பிடும்போது எப்படி இருந்தது என்று கேட்டால், "எல்லாம் பெரிய பெரிய கட்டடமா இருந்துச்சும்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் பாடம் நடத்திய மனிதருக்கு இதைத்தானா காட்டினோம் என்று மனசு கஷ்டமாகிவிட்டது.

அதனால் இந்தத் தடவை ஒரே ஓர் இடம் போதும் என்று முடிவு செய்தேன். அனகாஸ்டியா ஆற்றுக்கு அக்கரையில், சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத பகுதியில், ஒரு மேட்டின் மேல் இருக்கும் வீடு, அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்து அதை ஒழிக்கப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸ் வாழ்ந்தது. அதன் பெயர்தான் சீடர் ஹில். தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அப்பா, நான், பத்து வயது மகள், மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை காலையில் போனோம்.

போகிறவர்களுக்கு உடனே உதவுகிற விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் வீட்டுக்குள் பூங்காத் துறை ஊழியரான ரேஞ்சர் கூட வந்தால்தான் போக முடியும். குழுவில் குறைந்த ஆட்களைத்தான் சேர்ப்பார்கள், அதனால் ஆன்லைனில் முன்பதிவு செய்துகொண்டு போங்கள். அந்த முன்பதிவுக்கு மட்டும் ஒரு டாலர் அளவு ஆகும். கார் நிறுத்தக் கீழேயே இடம் இருக்கிறது. மெட்ரோவில் வந்தால் பச்சை வழித்தடத்தில் அனகாஸ்டியா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். பார்வையாளர் மையத்தில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு சிறு படம் போடுகிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். அது முடிந்த பிறகுதான் மேட்டின் மேல் ஏற வேண்டும். நிறையப் படிகள் இருக்கின்றன. முட்டிவலி உள்ளவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் முன்பே போன் செய்து வழி கேட்டுக்கொள்வது நல்லது. அப்பா நடுவில் இரண்டு தடவை நின்று, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

மேலே போய்த் திரும்பி நின்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேப்பிட்டலின் குவிமாடமும் வாஷிங்டன் நினைவுத் தூணும் தெரிகின்றன. நகரத்துக்குள் எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஆனால் இங்கிருந்து தெரிவது வேறு மாதிரி இருந்தது. மேரிலாந்தில் ஒரு பண்ணையில் 1818இல் அடிமையாகப் பிறந்த டக்ளஸ், 1877இல் 6,700 டாலருக்கு இந்த வீட்டை வாங்கினார். கீழே இருக்கும் யூனியன்டவுன் பகுதியை 1854இல் மனை போட்டபோது கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்றே பத்திரத்தில் எழுதிவைத்திருந்தார்கள். அதே பகுதிக்கு மேலே, மேட்டு வீட்டின் வராந்தாவில், தலைநகரைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் அந்த நகரத்தின் மார்ஷல் (நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் அதிகாரி), அப்புறம் பத்திரப் பதிவாளர், அதற்கப்புறம் ஹெய்ட்டி நாட்டுக்கு அமெரிக்கத் தூதர்.

எங்களுக்கு வாய்த்த ரேஞ்சர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பேச்சே இல்லை. வாசலில் நின்றபடியே மகளைப் பார்த்து, "உன் பிறந்தநாள் எப்போது?" என்று கேட்டார். இவள் சொன்னாள். டக்ளஸுக்குத் தன் பிறந்தநாள் தெரியாது என்றார் அவர். அடிமைக் குழந்தைகளுக்கு அதையெல்லாம் யார் சொல்லுவார்கள்? அம்மா வேறு பண்ணையில் வேலை செய்தவர். பகல் முழுக்க வயலில் உழைத்துவிட்டு, இருட்டில் 12 மைல் நடந்து வந்து பிள்ளையைப் படுக்கவைத்துத் தானும் பக்கத்தில் படுத்திருந்து, விடிவதற்குள் திரும்பிவிடுவாராம். அப்படிப் பார்த்ததும் நாலைந்து தடவைதான். அந்த அம்மா தன்னை 'வாலண்டைன்' என்று கொஞ்சியது நினைவில் இருந்ததால், பின்னாளில் பிப்ரவரி 14ஐத் தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், வீட்டைச் சுற்றி முடிக்கும்வரை விடவில்லை.

உள்ளே இருக்கும் சாமான்களில் பெரும்பாலானவை டக்ளஸ் குடும்பம் பயன்படுத்தியவையே. அறைகளை வாசலில் நின்றுதான் பார்க்கிறோம், ஆனால் அது குறையாகத் தெரியவில்லை, கைக்கெட்டும் தூரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பொருட்களின் பட்டியலை நான் சொல்லப்போவதில்லை. நான் அதிகம் நின்றது நூலகத்தில்.

அலமாரி முழுக்கப் புத்தகங்கள், சுருள்மூடி போட்ட மேசை. இந்த மனிதர் எழுத்துப் படித்த கதை தெரிந்திருந்தால் அந்த அறையைச் சும்மா பார்த்துவிட்டு நகர முடியாது. பால்டிமோரில் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது வீட்டு எஜமானி சோஃபியா ஆல்ட் எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கணவர் அதைக் கண்டுபிடித்து, படித்துவிட்டால் இவன் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போய்விடுவான் என்று நிறுத்திவிட்டார். அந்த ஒரு பேச்சிலேயே பையனுக்கு வழி தெரிந்துவிட்டது. வீட்டிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் பசியோடு திரியும் ஏழை வெள்ளைப் பையன்களுக்குக் கொடுத்து, பதிலுக்கு எழுத்துகளைக் கேட்டு வாங்கினான். கப்பல் பட்டறையில் தச்சர்கள் ஒவ்வொரு மரத்துண்டும் கப்பலின் எந்தப் பக்கத்துக்கு என்று அடையாளத்துக்காக எல், எஸ், எஃப், ஏ என்று எழுதுவார்கள். அந்த நாலு எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினான். அப்புறம் எஜமான் வீட்டுப் பையன் எழுதி முடித்துப் போட்ட காப்பி நோட்டில், வரிகளுக்கு நடுவில் மிச்சமிருந்த இடத்தில் அவன் எழுத்தைப் பார்த்து இவனும் எழுதினான்.

நான் இதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நோட்டு விஷயத்துக்கு வந்ததும், "எந்த நோட்டும்மா, அந்தப் பையனோடதா?" என்று மறுபடி கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, தான் வேலை பார்த்த பள்ளியில் போன வருஷ நோட்டுகளின் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்து, நோட்டு வாங்க முடியாத பிள்ளைகளுக்குக் கொடுத்ததைச் சொன்னார். எனக்கு அது இத்தனை வருஷமாகத் தெரியாது.

மாடியில் டக்ளஸின் படுக்கையறையில் டம்பெல்ஸ் இருக்கிறது. எழுபது வயதுக்கு மேலும் உடற்பயிற்சி செய்தவர். கீழே கூடத்தில் அவர் வாசித்த வகை வயலின். பேரக் குழந்தைகள் 21 பேர், அவர்களோடு விளையாடுவதற்கும் ஆள் தயாராக இருப்பாராம். ஆனால் எந்தப் படத்திலும் முகத்தில் சிரிப்பைத் தேடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இவரைப் போல அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவர் வேறு யாரும் இல்லை என்கிறார்கள், 160 புகைப்படங்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. கறுப்பினத்தவரைப் பல்லைக் காட்டும் கோமாளிகளாகவே பத்திரிகைகள் வரைந்துகொண்டிருந்த காலம் அது. நேராகக் கேமராவைப் பார்த்து, கண்டிப்பான முகத்தோடு அவர் உட்கார்ந்ததே அதற்கான பதில்தான்.

லிங்கனைப் பற்றிய பேச்சும் வந்தது. 1863 ஆகஸ்டில் டக்ளஸ் வெள்ளை மாளிகைக்குப் போனது மரியாதை நிமித்தமாக அல்ல, முறையிடுவதற்காக. உள்நாட்டுப் போருக்குக் கறுப்பின வீரர்களைப் படையில் சேர்த்துவிட்டவர்களில் இவரும் ஒருவர், சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேரையே அனுப்பியிருந்தார். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர், கறுப்பின வீரருக்கு உடைக்குப் பிடித்தது போக 7 டாலர். இது என்ன நியாயம் என்று நாட்டின் ஜனாதிபதியிடம் நேரில் கேட்டார். 1864இல் காங்கிரஸ் சம்பளத்தைச் சமமாக்கியது. லிங்கன் கொல்லப்பட்ட பிறகு அவர் மனைவி லிங்கனின் கைத்தடி ஒன்றை டக்ளஸுக்கு அனுப்பிவைத்தார். அது இந்த வீட்டுச் சேகரிப்பில்தான் இருக்கிறது.

இந்த வீட்டில் இரண்டு பெண்களைப் பற்றி நின்று கேளுங்கள், ரேஞ்சரே சொல்லவில்லை என்றாலும் கேளுங்கள். முதல் மனைவி ஆனா மர்ரே. 1838 செப்டம்பர் 3 அன்று மாலுமி வேஷத்தில், தான் அடிமை இல்லை என்று காட்ட இரவல் வாங்கிய காகிதங்களோடு ரயிலேறி அவர் தப்பித்தாரே, அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தது ஆனாதான். அதற்காகத் தன் இறகு மெத்தையை விற்றார் என்று அவர்களுடைய மகள் பின்னாளில் எழுதியிருக்கிறார். 44 வருடக் குடும்ப வாழ்க்கை. கணவர் பத்திரிகை நடத்தினார், மூன்று தடவை தன் வரலாற்றை எழுதினார். ஆனால் ஆனாவுக்குக் கடைசிவரை எழுதப் படிக்கச் சரியாக வரவில்லை. இவ்வளவு புத்தகம் இருக்கும் வீட்டில் அந்த அம்மாவின் அறை வாசலில் நிற்கும்போது தொண்டை அடைத்தது. அவர் 1882இல் இறந்தார்.

இரண்டாவது ஹெலன் பிட்ஸ், வெள்ளையினப் பெண். 1884இல் நடந்த கல்யாணம் இரண்டு பக்கக் குடும்பங்களுக்கும் பிடிக்கவில்லை. 1895 பிப்ரவரி 20 அன்று டக்ளஸ் பெண்கள் உரிமைக் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, அங்கே நடந்ததை ஹெலனிடம் விவரித்துக்கொண்டிருக்கும்போதே முன்கூடத்தில் சரிந்து விழுந்து இறந்தார். உயிலில் சாட்சிக் கையெழுத்து ஒன்று குறைந்ததால் வீடு பிரச்சனைக்குள் போனது. ஹெலன் கடன் வாங்கிப் பிள்ளைகளின் பங்கைக் கொடுத்து வீட்டை மீட்டு, அந்தக் கடனை அடைக்க ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு செய்தார். 1903இல் அவரும் போனபோது கடன் இன்னும் மிச்சம். அப்புறம் கறுப்பினப் பெண்கள் சங்கங்கள் வசூல் செய்து அதைத் தீர்த்தன. 1962இல்தான் வீடு பூங்காத் துறையிடம் வந்தது. இன்றைக்கு நாம் அந்த வாசலில் நின்று பார்க்கிறோம் என்றால் அது இந்தப் பெண்கள் கட்டிய காசு.

சுற்று அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் இறங்கிவிடாமல் பின்பக்கம் போங்கள். ஜன்னலே இல்லாத ஒற்றை அறைக் கல் குடில் ஒன்று இருக்கிறது. அசலைப் பார்த்துத் திருப்பிக் கட்டியது. யாரும் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்து படிக்கவும் எழுதவும் அவர் வைத்துக்கொண்ட இடம். 'கிரௌலரி' என்று பெயர், உறுமும் அறை என்று சொல்லலாம். வீட்டில் 21 அறை இருந்தும் இதுவும் தேவைப்பட்டிருக்கிறது அவருக்கு. மகள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல லைட்டே இல்லையே, எப்படிப் படிச்சார்?" என்று கேட்டாள். அவளை நோட்டைத் திறக்கச் சொல்லி, கப்பல் மரத்தில் எழுதிய அந்த நாலு எழுத்தையும் எழுதிக் காட்டச் சொன்னார் அப்பா. அங்கேயே புல்லில் உட்கார்ந்து எழுதினாள்.

திட்டம் போடுகிறவர்களுக்கு: அருங்காட்சியகத்தோடு சேர்த்து ஒரே நாளில் திணிக்காதீர்கள், அரை நாளாவது இதற்கே ஒதுக்குங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம். 1845இல் அவர் எழுதிய முதல் தன் வரலாறு சின்னப் புத்தகம்தான், இரண்டு ராத்திரியில் படித்துவிடலாம். அதைப் படித்துவிட்டுப் போனால் அந்த அரை மணி நேரம் நிறைந்திருக்கும். கோடையில் தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம், படி ஏறும்போது நிழல் குறைவு.

நான் 5க்கு 5 தருகிறேன். அன்றைக்கு வேலை இருந்ததால் கணவர் வரவில்லை. அப்பா ஊருக்குக் கிளம்புவதற்குள் அவரையும் கூட்டிப்போக வேண்டும் என்று அடுத்த மாதத்துக்கு நாலு டிக்கெட் போட்டிருக்கிறேன்.