டிவிக்குப் பின்னால் எந்தக் குட்டிக் கணினி? ராஸ்பெரி பை, என்100, பழைய அலுவலகப் பெட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் 4கே டிவிக்குக் கீழே இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று நெடுநாளாகச் சும்மா கிடந்தது. அப்பா அம்மாவின் கல்யாணக் கேசட்டிலிருந்து மாற்றிய டிவிடி, தங்கையின் கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரர் கொடுத்த 4கே கோப்புகள், மூன்று கைப்பேசிகளிலிருந்து இறக்கிய குழந்தைகளின் வீடியோக்கள் என்று எல்லாம் அதில் இருந்தன. ஆனால் டிவியில் நேரே செருகினால் பாதிக் கோப்புகள் திறக்கவே மறுத்தன. டிவியின் முதுகில் ஒட்டி வைக்கத்தக்க, சத்தம் போடாத ஒரு குட்டிக் கணினியைத் தேடியபோது மூன்று வகைகள் தேறின: உள்ளங்கை அளவு பலகைக் கணினியான ராஸ்பெரி பை (4, 5 இரண்டும்; இனி வெறும் 'பை'), இன்டெல் என்100 பிராசசர் கொண்ட புதிய மினி பிசி, அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த பழைய மினி பிசி. எல்லாவற்றிலும் ஒரே டிஸ்க்கைச் செருகி, வீடியோக்களைப் பட்டியலிட்டு ஓட்டும் 'கோடி' (Kodi) என்ற மென்பொருளை மட்டும் ஓட்டுவதற்கென்றே உருவான லிப்ரெஎலெக் என்ற சிறு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, ஒரே டிவியில் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

வீட்டில் பார்ப்பது முழுக்கச் சந்தா கட்டும் ஓடிடிகள்தான் என்றால் இவற்றில் எதுவுமே வேண்டாம். ஃபயர் டிவி ஸ்டிக்கோ கூகுள் டிவி பெட்டியோ போதும். ஓடிடி நிறுவனங்கள் நகலெடுப்பைத் தடுக்க வைட்வைன் போன்ற பூட்டுகளைப் போட்டே படத்தை அனுப்புகின்றன. அந்தப் பூட்டில் எல்1 நிலைச் சான்று பெற்ற கருவிகளுக்கே பெரும்பாலும் உயர்தரப் படம் கிடைக்கிறது. லினக்ஸ் ஓடும் குட்டிக் கணினிகளில் அமைவது எல்3 நிலை என்பதால், பிராசசர் எவ்வளவு வலுவாக இருந்தாலும் பல சேவைகளில் படம் மங்கலாகவே வரும். ஆகவே இந்த அலசல் சொந்தக் கோப்புகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கானது.

மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் வெளிக்காட்டியது தங்கையின் கல்யாண வீடியோதான். ஸ்டூடியோக்காரர் கொடுத்தவை ஹெச்.264 முறையில் சுருக்கிய 4கே கோப்புகள். 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4-இல் ஹெச்.264-க்கான தனி டீகோடர் (சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் சுற்று) உண்டு என்றாலும் அதன் எல்லை 1080பி வரைதான். 4கே படத்துக்கு அதில் உள்ள டீகோடர் ஹெச்.இ.வி.சி. என்ற இன்னொரு சுருக்க முறைக்கு மட்டுமே உரியது. எனவே இந்தக் கோப்பின் முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழுந்தது. மற்ற காட்சிகளில் ஒருவாறு தாக்குப்பிடித்த படம், முகூர்த்த நேரத்தில் நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கத் தொடங்கியதும் திக்கித் திணறியது. கெட்டிமேளம் ஒலித்து ஓய்ந்த பிறகுதான் திரையில் தாலி ஏறியது. 2023-இல் வந்த பை 5 வலுவானது, ஆகவே இதைச் சமாளித்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அதில் ஹெச்.264 டீகோடரையே நீக்கிவிட்டார்கள். வேகமான பிராசசர் 1080பி வரை எளிதாக ஓட்டுகிறது, இந்த 4கே கோப்பிலோ அங்கங்கே சட்டங்களை (ஃபிரேம்களை) தவறவிட்டது. அதே பை 5, ஐபோனில் எடுத்த ஹெச்.இ.வி.சி. கோப்புகளைத் துளி தயக்கமின்றிக் காட்டியது. பையை வாங்குவோர் அதன் வேகத்தைக் கேட்பதற்கு முன், தம் கோப்புகள் எந்த முறையில் சுருக்கப்பட்டவை என்று பார்த்துக்கொள்வது நல்லது. வேறொரு கணினியில் இரவு முழுக்க ஓடவிட்டு அந்தக் கோப்புகளை ஹெச்.இ.வி.சி.க்கு மாற்றிக்கொண்டால் பையே போதும் என்பதும் உண்மைதான். அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

என்100 இந்த இடத்தில் அலட்டிக்கொள்ளவே இல்லை. 2023 தொடக்கத்தில் வந்த இந்தப் பிராசசரில் நான்கு கோர்கள்தான் உண்டு, வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் கணக்கு (டி.டி.பி.) 6 வாட்தான், ஆனாலும் ஹெச்.264, ஹெச்.இ.வி.சி., விபி9, ஏவி1 ஆகிய நான்கு முறைகளுக்கும் தனி டீகோடர் அதற்குள்ளேயே இருக்கிறது. அட்சதை பறந்தபோதும் பிராசசர் ஏறத்தாழ ஓய்வில்தான் இருந்தது. பையில் ஏவி1-க்கான டீகோடர் இல்லை. இணையத்தில் ஏவி1 பரவி வருவதால், நாளைக்கும் சேர்த்து வாங்குவோருக்கு என்100 பக்கமே எடை கூடுதல்.

பழைய அலுவலகப் பெட்டிகளின் கதை தனி. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலீட்டெஸ்க் மினி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவில், கனத்த புத்தகம் போல இருப்பவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. இன்டெல்லின் ஏழாம் தலைமுறைப் பிராசசர்களில் ஏறத்தாழ எல்லாமே விண்டோஸ் 11-இன் ஏற்புப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. அதனால் நிறுவனங்கள் கழித்துவிடும் நல்ல பெட்டிகளைச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பார்க்க முடிகிறது. லினக்ஸ் ஓட்டுகிறவருக்கு அந்தப் பட்டியலைப் பற்றிய கவலை இல்லை. வாங்கும்போது மட்டும் ஆறாம் தலைமுறையைத் தவிர்த்து ஏழாம் தலைமுறையாகப் பார்த்து எடுக்க வேண்டும். வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நிறங்களை நுணுக்கமாகப் பதியும் பத்து பிட் ஹெச்.இ.வி.சி.யை முழுமையாகக் கையாளும் டீகோடர் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்.டி.ஆர். படங்களோ பத்து பிட்டில்தான் வருகின்றன. இன்னொரு வில்லங்கம், பின்பக்க இணைப்பு. இவற்றில் பலவற்றில் டிஸ்பிளேபோர்ட் மட்டுமே இருக்கும், எச்.டி.எம்.ஐ. இருந்தாலும் பெரும்பாலும் பழைய 1.4 வகையாக இருந்து, 4கே படத்தை விநாடிக்கு 30 சட்டங்களோடு நிறுத்திவிடும். முழு 60 வேண்டுமென்றால் டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ. 2.0-க்கு மாற்றும் ஆக்டிவ் வகைக் கன்வெர்ட்டரைத் தனியே வாங்க வேண்டும். நான் முதலில் வாங்கிய மலிவான கன்வெர்ட்டர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைக் கறுப்பாக்கியது.

சத்தம் என்று பார்த்தால், நம் ஊர் வீடுகளில் கூடத்து மின்விசிறியின் இரைச்சலே இந்தப் பெட்டிகளின் விசிறிச் சத்தத்தை விழுங்கிவிடும் என்பதால், பகலில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. இரவில் ஏசி அறையில்தான் வேறுபாடு தெரிந்தது. அலுமினிய உறையே வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் கேஸில் போட்ட பை 4-இல் ஓடும் பாகமே இல்லை. விசிறி இல்லாத வகை என்100 பெட்டிகளும் அப்படித்தான். பழைய அலுவலகப் பெட்டியின் சின்ன விசிறி சாதாரணமாக அடங்கியே சுற்றினாலும், கோடி புதுக் கோப்புகளைத் தேடிப் பட்டியலிடத் தொடங்கியதும் மெல்லிய சீழ்க்கை போல ஓர் ஒலி எழுந்தது. பழைய பெட்டியைத் திறந்து தூசி எடுத்துவிட்டு, வெப்பப் பசையைப் புதிதாக வைத்தால் அது பாதியாகக் குறைகிறது. இவை எல்லாவற்றையும் விட எரிச்சலூட்டியது ஹார்ட் டிஸ்க்தான். நடு இரவில் கணினி மூச்சு விடாமல் இருக்க, டிஸ்க் மட்டும் அவ்வப்போது 'டக்' என்று விழித்துக்கொண்டது. அமைதியான கணினிக்குச் செலவழித்துவிட்டுச் சுழலும் டிஸ்க்கைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதில் பொருளில்லை.

விசிறி இல்லாதவற்றுக்குச் சித்திரை வெயிலே சோதனை. சுவரோடு ஒட்டிய டிவியின் முதுகில் காற்றோட்டம் குறைவு. பை 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் மட்டும் பார்க்கும் வரை அந்த அளவுக்கு அது சூடேறுவதில்லை என்றாலும், பெட்டியைச் சுவரில் அழுத்தி ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுவது நல்லது.

ரிமோட் விஷயத்தில் பை மற்ற இரண்டையும் வெகுதூரம் பின்னே விட்டுவிடுகிறது. எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே டிவி ரிமோட்டின் கட்டளைகளை அடுத்த கருவிக்குக் கடத்தும் சி.இ.சி. என்ற வசதி பையில் பிறவியிலேயே உண்டு. எல்ஜி அதைச் சிம்ப்லிங்க் என்றும், சாம்சங் எனிநெட் பிளஸ் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. டிவி அமைப்புகளில் அதை முடுக்கிவிட்டு, பை 4-இல் மின் இணைப்பை ஒட்டியிருக்கும் மைக்ரோ எச்.டி.எம்.ஐ. துளையில் கேபிளைச் செருகினால் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. இன்டெல் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இல்லாததால் யு.எஸ்.பி. ரிசீவரோடு வரும் தனி ரிமோட்டை வாங்க வேண்டியிருக்கிறது. என்100 பெட்டிக்கு நான் அதைத்தான் வாங்கினேன். அம்மா இரண்டு ரிமோட்டுகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா, சவுண்ட் கூட்டுறதுக்கு ஒண்ணு, படத்த நிறுத்துறதுக்கு ஒண்ணா?" என்று கேட்டார். நான் தந்த விளக்கம் எதுவும் அவரிடம் எடுபடவில்லை. சி.இ.சி. கட்டளைகளை மாற்றித் தரும் யு.எஸ்.பி. அடாப்டர்கள் தனியாகக் கிடைக்கின்றன. அதையும் கூட்டினால் செலவு ஏறும்.

மின்சாரக் கணக்கு அஞ்சும்படியாக எதிலும் இல்லை. எப்போதும் ஓடிக்கொண்டிருந்து சராசரியாக 5 வாட் இழுக்கும் பெட்டி, நம் மின் கட்டணம் கணக்கிடப்படும் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 7 யூனிட் எடுக்கும். 10 வாட் என்றால் 14 யூனிட், 20 வாட் என்றால் 29 யூனிட். பை முதல் வகையிலும், என்100 இரண்டாம் வகையை ஒட்டியும், பழைய பெட்டி அதற்கும் மூன்றாம் வகைக்கும் இடையிலும் எனக்கு அமைந்தன.

மின்வெட்டு வேறு விதத்தில் படுத்தியது. பை வழக்கமாக மெமரி கார்டிலிருந்தே இயங்குகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெட்டுவிட வாய்ப்புண்டு, எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. மின்சாரம் திரும்பியதும் பை தானாகவே எழுந்துகொள்ளும். இன்டெல் பெட்டிகளை அப்படி எழ வைக்கப் பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்பில் ஒரு தேர்வை மாற்ற வேண்டும். பையை வீட்டில் கிடக்கும் கைப்பேசிச் சார்ஜரில் ஓட்ட முயல்வது வீண் வேலை: மின்னழுத்தம் குறைந்ததும் திரை ஓரத்தில் மின்னல் குறி தோன்றும். பை 5-க்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் சப்ளை வேண்டும். 3 ஆம்பியர் சப்ளையைக் கொடுத்தால் அது யு.எஸ்.பி. துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும், அதில் ஹார்ட் டிஸ்க் சுழலத் திணறும். சப்ளை, கேஸ், கார்டு எல்லாவற்றையும் சேர்த்த பிறகு பை 5-இன் விலை, பழைய அலுவலகப் பெட்டியின் விலையை எட்டிப் பிடித்துவிடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தமிழ் எழுத்து விஷயத்தில் மூன்றும் ஒன்றே, ஏனெனில் அது கோடியின் பொறுப்பு. தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துருவை மாற்றினால் சரியாகும். டிவிடியிலிருந்து வந்த அந்தப் பழைய கல்யாண வீடியோவில் பட்டுப்புடவைக் கரைகளில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிவதை நீக்கும் டீஇண்டர்லேஸ் வசதியும் மூன்றிலும் சரியாகவே வேலை செய்தது. படத்தின் சட்ட வேகத்துக்கேற்ப டிவியின் வேகத்தை மாற்றும் தேர்வைக் கோடியில் நாமே முடுக்கிவிட வேண்டும்; இல்லையேல் 24 சட்டப் படங்களில் எழுத்துகள் நகரும்போது லேசாக வெட்டி வெட்டிப் போகும்.

இப்போது கூடத்து டிவியின் முதுகில் இருப்பது விசிறி இல்லாத என்100 பெட்டி. அம்மா அப்பாவின் அறையில் பை 4 இருக்கிறது, அங்கே ரிமோட் ஒன்றுதான். 4கே கல்யாண வீடியோவை அந்த அறையில் யாரும் கேட்பதில்லை. போட்டியில் மூன்றாவதாக வந்த பழைய அலுவலகப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ரவுட்டர் இருக்கும் ஸ்டோர் ரூமில் அதை வைத்து, 'டக்' போடும் ஹார்ட் டிஸ்க்கையும் அதனுடனேயே இணைத்து, நெட்வொர்க் கேபிள் வழியாக மற்ற இரண்டு பெட்டிகளுக்கும் கோப்புகளை அனுப்பும் வேலையைக் கொடுத்திருக்கிறேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அதன் சீழ்க்கை யாருக்கும் கேட்பதில்லை.