வெல்டிங் பழக வி.ஆர்.: இரண்டு கையால் பிடித்தால் ராடு பறக்கிறது

தலையில் மாட்டினால் நிஜம்போலக் காட்சி காட்டுகிற வி.ஆர். செட் ஒன்றை வெல்டிங் பழக்க வைத்திருக்கிறோம். அதில் இடது கையில் பிடிக்கிற கன்ட்ரோலர் போன வாரம்தான் டவுன்ஹால் ரோடு பக்கத்துக் கடை ஒன்றில் ரிப்பேர் முடிந்து வந்தது. அதன் மேலிருக்கிற ஸ்டிக்கில் விரலே படாதபோதும் திரைக்குள் பையன் வேலை மேசையை விட்டுத் தானாக நகர்ந்துகொண்டிருந்தான். ஸ்டிக்கின் அசைவை அளக்க உள்ளே இருக்கிற பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்தாலோ தூசி ஏறினாலோ இப்படி ஆகும். அடுத்த அறையில் நாள் முழுக்க கிரைண்டிங் நடக்கிறது, தூசிக்குக் கேட்கவா வேண்டும்? ஸ்டிக்கை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை.

உசிலம்பட்டியில் சின்னதாகப் பயிற்சி மையம் நடத்துகிற தம்பி ஒருவர் அதே சமயம் போன் பண்ணினார். "அண்ணே, விலை இறங்கியிருக்காம்ல. நானும் ஒரு செட் வாங்கிரவா? கன்ட்ரோலரே வேணாம், வெறுங்கையே போதும்ங்கிறாங்களே?" அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கப்பலூர், திருமங்கலம் பக்கத்துப் பட்டறைகளுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆர்க் வெல்டிங் சொல்லித்தருகிறோம். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலரில் வருகிற அதிர்வு அருமை. 6013 என்கிற வகை வெல்டிங் ராடு, 3.15 மில்லி கனம். பிளேட்டில் உரசி ஆர்க் (ராடுக்கும் பிளேட்டுக்கும் நடுவே எரிகிற மின்பொறி) பிடித்ததும் உள்ளங்கையில் ஒரே சீராக ஒரு ரீங்காரம். ராடு மேலே எழும்பினால் அது மெலிகிறது, ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று ஒரு உதை. ஆர்க் நீளம் ஏறக்குறைய ராடின் கனம்தான் இருக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் தலையாட்டுவார்கள், கைக்கு ஏறாது. திரையில் ராடு எரிந்து குறையக் குறையக் கையும் கூடவே இறங்க வேண்டும் என்பதை இந்த அதிர்வு கைக்கே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. ராடு செலவில்லை, ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போன்ற எரிச்சலும் இல்லை. பொறியைக் கண்டு பின்வாங்குகிற பிள்ளைகள்கூட இதில் தைரியமாகக் கை வைக்கிறார்கள்.

இத்தனை நல்லதையும் ஒரே ஒரு விஷயம் கெடுக்கிறது.

வெல்டிங்கில் நான் சொல்லித்தருகிற முதல் பாடமே, வலது கையில் ராடைக் கவ்வுகிற ஹோல்டர், இடது கையை அந்த மணிக்கட்டுக்கு முட்டுக்கொடு என்பதுதான். பீடு, அதாவது உருகிப் படிகிற வெல்டிங் கோடு, நேராக ஓட அந்த முட்டு வேண்டும். எங்களிடம் இருப்பது வளையம் வைத்த கன்ட்ரோலர். வளையத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்.இ.டி.கள். தலையில் மாட்டுகிற பெட்டியின் கேமராக்கள் அவற்றைப் பார்த்துத்தான் கை எங்கே இருக்கிறதென்று கணக்குப்போடுகின்றன. இடது கை முட்டுக்கு வந்ததும் வலது வளையம் மறைகிறது. பீடைப் பார்க்கப் பையன் முகத்தைக் குனிந்து கிட்டே கொண்டுபோனால் இன்னும் மோசம். அப்போது கன்ட்ரோலருக்குள் இருக்கிற அசைவு உணரிகள்தான் இடத்தை ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் கொஞ்ச நேரத்திலேயே பிசகிவிடும். கை அப்படியே இருக்க, ராடு மட்டும் விரற்கடை உயரம் மேலே மிதக்கிறது. ஆர்க் அறுந்துபோகிறது. ஆர்க் நீளம் தவறு என்று மதிப்பெண்ணையும் வெட்டுகிறது.

சொன்னபடி ஒழுங்காகப் பிடித்த பிள்ளைக்கு மார்க் குறைவு. ஒற்றைக் கையை விறைப்பாக நீட்டி ஓட்டியவனுக்கு அதிகம். பிள்ளைகள் மார்க் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் போவார்கள், இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதே பழக்கத்தோடு நிஜ வெல்டிங் பூத்துக்கு வந்து நிஜ ஹோல்டரைப் பிடித்தால், கேபிள் கனத்தில் கை நடுங்கி பீடு பாம்பாக நெளிகிறது. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். "ஒரு கையில் பிடிக்கச் சொல்லுங்கள் சார்" என்று பதில் வந்தது. படித்ததும் ஆத்திரம் தாங்கவில்லை. தொழிலுக்காகக் கருவியா, கருவிக்காகத் தொழிலா?

வெறுங்கை விஷயத்துக்கு வருகிறேன். கன்ட்ரோலர் இல்லாமல் கேமராவே விரல்களைப் பார்த்துப் புரிந்துகொள்கிற இந்த வசதி, 2019 டிசம்பரில் ஓகுலஸ் குவெஸ்ட் என்கிற வி.ஆர். செட்டில் சோதனையாக வந்தது, இப்போது பரவலாகிவிட்டது. எங்கள் செட்டிலும் உண்டு. ராடு வகையை எடுத்துப் பார்ப்பது, ஆம்பியரைக் கூட்டிக் குறைப்பது போன்ற பாடங்களுக்கு நன்றாகவே இருக்கிறது. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தால் பொருள் கைக்கு வந்துவிடும், புதுசாக வருகிற பிள்ளைக்கு எந்தப் பட்டன் எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஹோல்டர் பிடிப்பதற்கு மட்டும் உதவவே உதவாது. மூடிய கைக்குள் விரல்கள் கேமராவுக்குத் தெரிவதில்லை, கைக்குள் பிடிக்க ஒன்றுமில்லை, அதிர்வும் இல்லை. முகத்துக்குப் பிடிக்கிற ஷீல்டைத் தூக்குகிற பாவனையில் உள்ளங்கை முகத்தைப் பார்த்துத் திரும்பி விரல் சேர்ந்துவிட்டால் மெனு திறந்து பாடமே மறைகிறது. டியூப் லைட் கூடமாக இருந்தால் செட்டிங்கில், கேமரா கையைப் பின்தொடர்கிற டிராக்கிங் அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். நம் ஊர் கரண்டுக்கு அதுதான் பொருந்தும், திரையில் கை துள்ளுவது கொஞ்சம் அடங்குகிறது.

வளையம் மறைகிற தொல்லைக்கு வழியே இல்லாமல் இல்லை. 2016-ல் வந்த எச்டிசி வைவ் என்கிற செட்டில், அறை மூலைகளில் வைக்கிற பெட்டிகள் லேசர் வீசி இடம் காட்டின. 2022-ல் வந்த குவெஸ்ட் புரோவில் கன்ட்ரோலரிலேயே கேமரா இருக்கிறது, வளையமே கிடையாது. நிஜ ஹோல்டரையே பொருத்திய வெல்டிங் சிமுலேட்டர்களும் தனியாக விற்கின்றன, ஆனால் விலை நம்மைப் போன்ற மையங்களுக்கு எட்டாது. இப்போதைக்கு நான் இடது கன்ட்ரோலரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, மணிக்கட்டை விட்டு முழங்கைப் பக்கம் முட்டுக்கொடுக்க வைக்கிறேன். ஓரளவு தாங்குகிறது. திரையில் வரும் மதிப்பெண்ணை நான் பதிவேட்டில் ஏற்றுவதில்லை.

எங்கள் பிள்ளைகள் இதில் ஆர்க் பிடிக்கக் கற்றது உண்மை. இருந்தாலும் அந்தத் தம்பியிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்தக் காசுக்கு ராடும் பிளேட்டும் வாங்கிப் போடட்டும். விலை இன்னும் இறங்கி மனசு கேட்காமல் கடைக்குப் போனால், டெமோவில் கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைக் குனிந்து கிட்டே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கச் சொல்லியிருக்கிறேன். ராடு மிதந்தால் காசை எடுக்காமல் பஸ் ஏறிவிட வேண்டியதுதான்.