அமெரிக்கக் கவுண்டிக்கு இருக்கிறது, நம் சுங்கை சிப்புட்டுக்கு?

'இந்தக் காலத்துப் பசங்க கெட்டுப்போச்சு' என்று நம்மூரில் எல்லாரும் வாயாலேயே அளந்துவிடுகிறார்கள். எத்தனை பேர், எந்த வயது, போன வருஷத்தைவிடக் கூடவா குறைவா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அந்தக் கடுப்பில்தான் கிட்ஸ் கவுண்ட் டேட்டா சென்டருக்குள் நுழைந்தேன்.

பிள்ளைகள் நலன் பற்றிய புள்ளிவிவரங்களுக்காக ஆனி இ. கேசி அறக்கட்டளை நடத்தும் அமெரிக்கத் தளம், இலவசம். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குள் கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) தட்டினால் ஏழ்மையில் வாழும் பிள்ளைகள், எடை குறைந்து பிறந்த குழந்தைகள் என்று ஆண்டுவாரியாக விரிகிறது, அட்டவணையை இறக்கியும் கொள்ளலாம். 1990 முதல் ஆண்டறிக்கையும் போடுகிறார்கள், இப்போது அதில் 16 குறியீடுகள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. 16 முதல் 19 வயதுக்குள் படிக்கவும் போகாமல் வேலைக்கும் போகாமல் இருப்பவர்களைத் தனியாக எண்ணுகிறார்கள். ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு முடித்து, சிலர் முடிக்காமலே, மத்தியானம் மூன்று மணிக்கு ஒட்டுக்கடை வாசலில் மோட்டார்மேல் உட்கார்ந்திருக்கும் பையன்கள் நமக்குத் தெரியாதவர்களா? பள்ளிப் பதிவிலும் இல்லை, எந்த முதலாளி கணக்கிலும் இல்லை.

குறையும் உண்டு. அந்தப் பதினாறு குறியீடுகளில் எல்லாமே கவுண்டி அளவில் கிடைத்துவிடாது. நான்காம் வகுப்பு வாசிப்புத் திறன் தேசிய மாதிரித் தேர்விலிருந்து வருவதால் மாநிலத்தோடு நின்றுவிடும். 65,000 பேருக்குக் குறைந்த கவுண்டி என்றால் சென்சஸ் துறை ஐந்து வருஷத்தைச் சேர்த்துத்தான் எண் தரும், அதனால் போன வருஷம் ஓர் ஆலை மூடியிருந்தால் அந்த அடி எண்ணில் தெரிய நாளாகும்.

நம்மிடம் மலேசியப் புள்ளிவிவரத் துறையின் கவாசான்கூ என்ற தளம் இருக்கிறது, சட்டமன்றத் தொகுதி வரை இறங்கும். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் அடக்கம் என்பதால் மாவட்டச் சராசரியில் அரச நகரத்துப் பிள்ளையும் தோட்டத்து லயத்துப் பிள்ளையும் ஒரே எண்ணுக்குள் போய்விடுவார்கள். லிந்தாங், ஜாலோங் என்று சட்டமன்றத் தொகுதிகளாகப் பிரித்துப் பார்த்தால் வருமானமும் ஏழ்மையும் கொஞ்சம் பிடிபடுகிறது. பிள்ளைகள் நலனுக்கென்று ஒரு பக்கம்தான் இல்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். சரி, அதில் நம் ஊர்ப் பிள்ளை எத்தனை?

கிட்ஸ் கவுண்டுக்கு ஐந்துக்கு நான்கு. பள்ளிக்காக மானியம் கேட்டு எழுதும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் எதையெல்லாம் எண்ணலாம் என்று அதில் பார்த்துவிட்டு, அப்புறம் கவாசான்கூவைத் திறங்கள். அட்டவணைகள் அகலமானவை, கணினியில் பார்ப்பது நல்லது.