பழைய காரின் தகட்டு இணைப்புகளுக்கு எந்த சீலன்ட்?

அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ, பழைய காரைப் புதுப்பிக்கும்போது பணமும் பேச்சும் பெயின்ட்டுக்கே போய்விடுகின்றன. தகடும் தகடும் சேரும் இடத்தின் இடைவெளியை அடைக்க என்ன சீலன்ட் பூசுவது என்ற கேள்வி கடைசி நாளில்தான் எழுகிறது. பட்டறையில் அப்போது எது இருக்கிறதோ அதைப் பூசி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. இந்த இரண்டு வண்டிகளுக்கும் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரைத் தகட்டின் ஓரத்தில் ஓடும் ஸ்பாட் வெல்டிங் வரிசைகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. அங்கே துரு ஏறிவிட்டால் மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தும் பயனில்லை.

வேலூரில் பனி இல்லை, கடல் காற்று இல்லை, துரு எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் உண்டு. மயிரிழை இடைவெளி போதும், நீர் தானாக உள்ளே ஏறிக்கொள்ளும். கூடவே புகும் புழுதி அந்த ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். சத்துவாச்சாரிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் அக்னி நட்சத்திர நாட்களில் ஓர் அம்பாசடரைப் பார்த்தேன். கூரை ஓரத்து நீர்க்கால்வாயை யாரோ பட்டி வைத்து நிரப்பியிருந்தார்கள். டிங்கர் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பியதும் ஒரு சாண் நீளப் பட்டி ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்கச் செம்பழுப்புத் தூள். இரண்டு நாள் முன்பு பெய்த கோடை மழையின் ஈரம் அதில் இன்னும் காயவில்லை. வெளியே தகட்டில் கை வைக்க முடியாத சூடு.

ஆகவே பட்டியை முதலில் ஒதுக்கிவிடலாம். அது பள்ளத்தைச் சமன் செய்யும் பொருள். இணைப்பு அசையும்போது கீறல் விடும், கீறல் வழியே ஈரத்தையும் உறிஞ்சும். தாரும் வேண்டாம். நம் வெயிலில் இளகும், மேலே அடிக்கும் பெயின்ட்டிலும் பழுப்புக் கறையாக ஊறி வரும். குளியலறைக்கு வாங்கிய சிலிக்கோன் குழாயைப் பட்டறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை இரும்பை அரிக்கும். எந்த வகையானாலும் அதன் மேல் பெயின்ட் ஒட்டாது. அதைத் தொட்ட கை பட்ட இடங்களில்கூடப் பெயின்ட் குழி குழியாக விலகிக்கொள்ளும்.

டப்பாவில் வரும், பிரஷ்ஷால் பூசும் ரப்பர் வகை சீலன்ட் விலை மலிவு. மட்கார்டின் உட்புறம் போன்ற, கண்ணுக்குத் தெரியாத, பெரிய பரப்புகளில் வேலை விரைவாக முடியும். ஆனால் அதிலுள்ள கரைப்பான் ஆவியாக ஆவியாகப் பூச்சு சுருங்கும். ஆண்டுகள் போனால் ஓரம் விடும். உட்புறங்களில் இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசுவதற்கு மட்டும் அதை ஏற்பேன்.

உண்மையான போட்டி பாலியூரிதேனுக்கும் எம்.எஸ். (மாடிஃபைடு சிலேன்) பாலிமருக்கும்தான். இரண்டும் குழாயில் வரும், துப்பாக்கியால் பிதுக்கலாம், காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும், இறுகிய பின்னும் நெகிழும். பாலியூரிதேன் சாதாரணமாக ஒரு நாளில் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் இறுகும். பிடிப்பு பலமானது, எம்.எஸ். வகையைவிடப் பெரும்பாலும் விலையும் குறைவு. சிக்காஃப்ளெக்ஸ் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் இந்த வகைதான். இதன் பலவீனம் வெயில். பெயின்ட் மூடாமல் விட்டால் புற ஊதாக் கதிர் பட்டு மேற்பரப்பு வெடிக்கும். ஈரத் தகட்டில் பூசினால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பிக் குமிழி விடும். அதனால் மழை மாதங்களில் தகட்டை நன்றாகக் காயவைத்த பிறகே பூச வேண்டும். இறுகும்வரை இதில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கெடுதியான வேதிப்பொருளும் இருக்கிறது. மூடிய கொட்டகைக்குள் வேலை செய்பவரின் மூச்சைப் பற்றி உரிமையாளரும் கவலைப்பட வேண்டும்.

எம்.எஸ். பாலிமரில் ஐசோசயனேட் இல்லை. குமிழி விடாது, சுருக்கம் மிகக் குறைவு, வெயிலை நன்றாகத் தாங்கும். கூரை நீர்க்கால்வாய்க்கும் டிக்கி மூடியைச் சுற்றியுள்ள இணைப்புகளுக்கும் இதையே போடுங்கள் என்பேன். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டிக்கு அந்த ஒரு குழாயின் கூடுதல் விலை வீண் செலவு ஆகாது. தரைக்கும் சக்கர வளைவின் அடிப்பக்கத்துக்கும் பாலியூரிதேன் போதும். அங்கே சூரியன் எட்டாது, அதிர்வு அதிகம்.

ஒன்றை மட்டும் டிங்கரிடம் அழுத்திச் சொல்லுங்கள். இந்த இரண்டின் மீதும் சாதாரண சிந்தெடிக் எனாமல் சரியாகக் காயாது, வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். அடிப்பக்கம்தானே என்று மலிவு எனாமல் அடிக்கும் பழக்கம் இங்கே உண்டு. ஹார்ட்னர் கலக்கும் இரு பகுதி பெயின்ட்டையே கேளுங்கள்.

இரு பகுதி எப்பாக்சி சீலன்ட் கல் போல இறுகும், சுருங்காது, தேய்த்துச் சமன் செய்யலாம். அசைவே இல்லாத, வெளியே தெரியக் கூடாத இணைப்புகளுக்குச் சரி. அதிரும் தரை ஓரத்தில் போட்டால் விரிசல் விடக்கூடும். சென்னைப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வேறு வகை. அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு, உடலின் பகுதிகளும் போல்ட்டால் சேர்ந்தவை. நாளைக்கு மீண்டும் கழற்ற வேண்டிய அந்த இணைப்புகளில் ஒட்டிக் கடினமாகும் எதையும் போடக் கூடாது. இறுகாமலே இருக்கும் பியூட்டைல் நாடா அங்கே மிகவும் பொருத்தம்.

எதை வாங்கினாலும் வரிசை ஒன்றுதான். வெல்டிங் முழுவதும் முடிய வேண்டும், துருவை வயர் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும், எப்பாக்சி பிரைமர் அடிக்க வேண்டும், அதன் மேல் சீலன்ட். ரெட் ஆக்சைடு பிரைமர் மேல் பூசினால் சீலன்ட்டின் பிடிப்பு அந்த மெலிந்த பூச்சின் பிடிப்பைத் தாண்டாது. பல குழாய்களில் பூசுவதற்கான வெப்ப வரம்பு 40 டிகிரியோ அதற்கும் கீழோ என்று போட்டிருக்கும். வேலூரின் மே மாதத்தில் காலை எட்டு மணிக்குள் பூசி முடிப்பது நல்லது. கடையில் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெக்கையில் கிடந்த குழாய் உள்ளேயே கெட்டியாகியிருக்கலாம், அழுத்திப் பார்த்தாலே தெரியும்.

பூசும் முன் கதவின் அடி ஓரத்திலும் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பக்கவாட்டுப் பெட்டிப் பகுதியின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். சீலன்ட் இறுகிய பின் டேப்பை உரித்து, கதவுக் கண்ணாடி இறங்கும் பிளவில் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். துளை வழியே அது முழுவதும் வெளியே வடிய வேண்டும்.