வாக்கெடுப்புக்கு முன் ஓர் ஐந்தொகை: இருப்பதா, பெயர்ப்பதா, குடியாவதா?

ஸ்காட்லாந்து தனி நாடாகும் பேச்சு எழும்போதெல்லாம், எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ பிள்ளை வேலை பார்க்கும் செட்டிநாட்டு வீடுகளில் ஒரே கேள்விதான் புரளும். "காசை இங்கே கொண்டாந்துரச் சொல்லுவோமா, அங்கேயே கெடக்கட்டுமா?" மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: அந்த நாட்டுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டு அங்கேயே ஊன்றிவிடுவது. வாக்கெடுப்பு நாள் இன்னும் குறிக்கவில்லை. லண்டன் அரசின் ஒப்புதல் இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாக வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 23 அன்று தீர்ப்பளித்துவிட்டது. கணக்குப் பார்க்க இதுவே தோதான நேரம். நாள் குறித்த பிறகு சந்தையும் கூடவே கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. 1930 வாக்கில் பர்மாவில் நகரத்தாரின், அதாவது செட்டிநாட்டு வணிகர்களின், வட்டிக்கடைகள் ஏறத்தாழ 1,650. அங்கே வாக்கும் கேட்டார்கள். இந்தியாவிலிருந்து பர்மா பிரிய வேண்டுமா என்பதே 1932 நவம்பர் தேர்தலின் தலையாய கேள்வி. பிரிவினை வேண்டாம் என்றவர்களே கூடுதல் இடம் பிடித்தார்கள். ஆனாலும் 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா பிரிந்தது. வாக்கு முடிவை நம்பிப் பேரேட்டை மூடிவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பெரிய அடி விழுந்தது வேறிடத்தில். நெல் விலை சரிந்ததும் கடன் வாங்கிய உழவர்களால் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த வயல்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம். புரண்டுகொண்டிருந்த பணம் எட்டே ஆண்டில் அசையாச் சொத்தாக உறைந்துவிட்டது. 1942-இல் ஜப்பானியர் நுழைந்தபோது தூக்கிக்கொண்டு வர அதில் ஒன்றுமில்லை. 1948-இல் பர்மா விடுதலை பெற்ற கையோடு நில நாட்டுடைமைச் சட்டமும் வந்தது. முன்னமே கப்பலேறிய தேக்குத் தூண்கள் இன்றும் நம் வீடுகளில் நிற்கின்றன. வயல் வரவில்லை. ஆக, 'வேண்டும்' வெல்லுமா 'வேண்டாம்' வெல்லுமா என்பது இரண்டாவது கேள்வி. கையிலிருப்பது நகரக்கூடியதா, நகராததா என்பதே முதல் கேள்வி.

ஸ்காட்லாந்தில் பறிமுதல் பயம் இல்லை. பர்மாவை அப்படியே அங்கே பொருத்துவது தவறு. அங்குள்ள சிக்கல் நாணயம். 2014 ஸ்காட்லாந்து வாக்கெடுப்பில் தனி நாடு கேட்டவர்கள் பவுண்டையே தொடர்வோம் என்றார்கள். பொது நாணயத்துக்கு ஒப்ப மாட்டோம் என்று லண்டன் அந்தப் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. வீட்டுக்கடன் பவுண்டில், சம்பளம் நாளைக்கு வேறு நாணயத்தில் என்று வந்தால் இடிப்பது அங்கேதான்.

இருப்பது, அதாவது எதையும் தொடாமல் விடுவது, பெரும்பாலோருக்குக் கெடுதல் செய்யாது. பிரிட்டன் வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 85,000 பவுண்டாக இருந்த காப்பு வரம்பு 2025 டிசம்பர் முதல் 1,20,000 பவுண்டு. 'வேண்டும்' வென்றாலும் மறுநாளே நாடு பிரியாது. ஸ்காட்லாந்து அரசின் 2014 திட்டத்தில் வாக்கு செப்டம்பர் 18, விடுதலை நாள் 2016 மார்ச் 24: இடையில் பதினெட்டு மாதம். வங்கிகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. வாக்குக்கு ஒரு வாரம் இருக்கையில் ஆர்பிஎஸ், லாயிட்ஸ் இரண்டும் ஸ்காட்லாந்து பிரிந்தால் பதிவு அலுவலகத்தை இங்கிலாந்துக்கு மாற்றுவோம் என்றன. 2017 அக்டோபரில் ஸ்பெயினின் கட்டலோனியாவில் தனி நாட்டு வாக்கெடுப்பு முடிந்த சில நாளில், அங்கிருந்த வங்கிகளான கைஷாபேங்க் வலென்சியாவுக்கும் சபதேல் அலிகாந்தேவுக்கும் பெயர்ந்தன. வாடிக்கையாளர் ஓட வேண்டியிருக்கவில்லை, வங்கியே ஓடியது. சும்மா இருப்பதாக முடிவு செய்தவர் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஒரே வங்கியில் வரம்புக்கு மேல் தொகை கிடந்தால் இரண்டாகப் பிரித்துப் போடுவது. ஒரே குழுமத்தின் இரண்டு பெயர்கள் ஒரே உரிமத்தில் இயங்கினால் காப்பும் ஒன்றுதான்.

பெயர்ப்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். ஊருக்குக் கொண்டுவந்துவிட்டால் பத்திரம் என்பது வீட்டுப் பெரியவர்களான அப்பச்சிமார் மனக்கணக்கு. எண்ணிப் பார்த்தால் வேறாக இருக்கும். இந்தியாவில் வைப்புக் காப்பு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 இலட்ச ரூபாய், அசலும் வட்டியும் சேர்த்து. அங்கே முழுக் காப்பில் இருந்த 80,000 பவுண்டைக் காரைக்குடியில் ஒரே வங்கிக் கிளையில் போட்டால், 80 இலட்சத்துக்குக் குறையாத தொகையில் 5 இலட்சத்துக்குத்தான் காப்பு. பெரிய வங்கி மூழ்காது என்பது நம்பிக்கை, காப்பு அல்ல.

எந்தக் கணக்கில் போடுவது என்பது அடுத்தது. வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கில் போட்டால் பவுண்டு ரூபாயாக மாறிவிடும். அசலையும் வட்டியையும் தடையில்லாமல் திரும்ப எடுத்துப் போகலாம், இங்கே வட்டிக்கு வரியில்லை. ஆனால் பிரிட்டனில் குடியிருப்பவர் உலக வருமானம் முழுவதையும் அங்கே காட்ட வேண்டும். புதிதாகப் போனவருக்கான நான்காண்டுச் சலுகை தனி. இந்த வட்டியை மறந்துவிட்டு அபராதம் கட்டுவது வழக்கமான தவறு. அவர்களுக்கான வெளிநாட்டு நாணய வைப்பான எஃப்சிஎன்ஆர் பவுண்டாகவே கிடக்கும், 1 முதல் 5 ஆண்டு வரை. ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டி ஒரு காசு கிடையாது. ரூபாய் இறங்கும் என்று அஞ்சுபவருக்கு இது நல்லது. பவுண்டு இறங்கும் என்று அஞ்சியே பெயர்ப்பவர் இதில் போடுவது பயத்தைப் பெட்டி மாற்றி வைப்பதுதான். என்ஆர்ஓ கணக்கு ஊர் வாடகை, பங்கு ஈவு வாங்குவதற்கு. அதிலிருந்து வெளியே அனுப்ப நிதியாண்டுக்கு 10 இலட்சம் டாலர் வரம்பு உண்டு. வரிச் சான்றுகளும் கேட்பார்கள்.

உண்டியல், அதாவது வங்கி வழியாக அல்லாமல் ஆள் வழியாகப் பணம் அனுப்புவது, வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்து வட்டிக்கடைகளின் உண்டியல் சீட்டுக்குச் சட்டத்தில் மதிப்பு இருந்தது. இன்று அந்தப் பெயரில் நடப்பது அன்னியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம். அப்படி வந்த பணத்தை முறையாகத் திரும்ப அனுப்பவும் வழியில்லை.

வந்த பணத்தை என்ன செய்வது என்றால் உடனே கண்மாய்ப் பாசனத்தில் நாலு ஏக்கர் என்று யாராவது சொல்வார்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர் இங்கே விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. மரபுரிமையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீடு, மனை வாங்கலாம். ஆனால் பர்மாவில் செய்த அதே பிழையை நாமாகவே ஊரில் செய்வதாகும் அது: புரளும் பணத்தைப் புரளாத சொத்தில் உறைய வைப்பது. எட்டுப் பங்காளி கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும் என்கிற வளவு வீட்டுப் பங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஓய்வூதிய நிதியைப் பெயர்க்கும் எண்ணத்தை விட்டுவிடலாம். உரிய வயதுக்கு முன் உருவினால் 55 சதவீதம் வரை வரி போகும்.

எப்போது அனுப்புவது? 2014 செப்டம்பர் 7 அன்று வெளிவந்த ஒரு கருத்துக்கணிப்பு 'வேண்டும்' பக்கத்துக்கு 51 சதவீதம் காட்டியதும் மறுநாள் பவுண்டு சரிந்தது. 'வேண்டாம்' 55.3 சதவீதத்தில் வென்றபோது, பயந்து விற்றவர்களுக்கு நட்டம்தான் மிச்சம். 2016 ஜூன் 23 ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பில் நேர்மாறு: ஒரே இரவில் பவுண்டு 1.50 டாலரிலிருந்து 1.32 வரை விழுந்தது. இரண்டையும் முன்கூட்டிச் சொன்னவர் அரிது. அனுப்பத்தான் வேண்டும் என்றால் நாள் அறிவித்த மாதத்திலிருந்து தவணை தவணையாக, மாதம் ஒரு தொகை. கடைசி மூன்று வாரம் தொடாமல் இருப்பது. எவ்வளவு என்றால், அடுத்த இரண்டாண்டில் ஊரில் செலவாகப் போகிற தொகை. திருமணம், வீட்டு மராமத்து, பெரியவர்கள் வைத்தியம் ஆகியவை ரூபாய்ச் செலவுகள், அவற்றுக்கு ரூபாய் இருக்க வேண்டியதுதான். அதற்கு மேல் பெயர்ப்பது எங்கள் கணக்கில் தேவையில்லை.

குடியாவதை வாக்குக்காகச் செய்வது வீண். 2014-இல் ஸ்காட்லாந்தில் சட்டப்படி குடியிருந்த காமன்வெல்த் குடிமக்கள் எல்லோருக்கும் வாக்கு இருந்தது. இந்தியக் கடவுச்சீட்டோடே போய் வாக்களிக்கலாம். எல்லா நாட்டிலும் இப்படியில்லை. 1995-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நடந்த தனி நாட்டு வாக்கெடுப்பில் கனடியக் குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு. அங்கே 'வேண்டாம்' வென்றது 50.58 சதவீதத்தில். குடியுரிமை எடுக்க வேண்டிய காரணம் வேறு. 2014 திட்டப்படி, ஸ்காட்லாந்தில் வாழும் பிரிட்டன் குடிமக்கள் தாமாகவே புதிய நாட்டுக் குடிமக்கள் ஆவார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் விண்ணப்பிக்க வேண்டும். நிரந்தரத் தங்கல் உரிமையோடு நிற்பவர் இரண்டு ஆண்டுக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால் பொதுவாக அந்த உரிமை காலாவதியாகும். பெற்றோரைப் பார்க்க நீண்ட விடுப்பில் வருபவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

விலையும் பெரிது. வேற்றுநாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும்; கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்தியருக்கான ஓசிஐ அட்டையால் வந்து போகலாம், காரைக்குடித் தொகுதியில் வாக்களிக்க முடியாது. இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவரோ படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்த்து, நேரில் வந்து மூலக் கடவுச்சீட்டைக் காட்டி வாக்களிக்கலாம். ஊர் வாக்கை விட மனமில்லாத அப்பச்சிக்கு இது சின்ன விஷயமல்ல. அங்கேயே பிறந்து வளர்ந்த பேத்திக்கு இது விஷயமே அல்ல. 2014-இல் 16 வயதுக்கும் வாக்கு இருந்ததால் ஒரே வீட்டில் தகப்பனும் மகளும் எதிரெதிர்ச் சீட்டுப் போட இடமிருந்தது. கடனும் சம்பளமும் பள்ளியும் அங்கே என்றால் குடியாவது சரி. பத்தாண்டில் திரும்பும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் வாக்குப் பதிவை விடக் கூடாது. 2014-இல் பட்டியலில் சேரக் கடைசி நாள் செப்டம்பர் 2 நள்ளிரவு. வாக்குக்குப் பதினாறே நாள் முன்னால். ஆவணி முகூர்த்தத்துக்கு ஊருக்கு வந்தவர்கள் தவற விடுகிற நேரம் அது. அஞ்சல் வாக்குச்சீட்டு கடல் தாண்டி வந்து திரும்பிப் போக நாள் போதாது. பதிலாள் வாக்குக்கு முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டு வருவதே நடக்கிற காரியம். பதிலாளுக்கும் அந்த வாக்கெடுப்பில் வாக்குரிமை இருக்க வேண்டும். மறைவில் போடும் சீட்டு என்பதால் எதில் குத்தினார் என்று பின்னால் சரிபார்க்க வழியில்லை. எதிர்ப்பக்கம் நிற்கும் மகளையே பதிலாளாகப் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.