லீவில் ஊர் போனதும் ஜூலியின் ஆபரேஷனும்

மெல்பர்னிலிருந்து ஊருக்குப் போகும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும்: பல் வைத்தியம், பட்டா பெயர் மாற்றம், வங்கியில் கையெழுத்து. இந்த முறை முதல் வேலையே அம்மாவின் நாய் ஜூலிக்குக் கருத்தடை ஆபரேஷன்தான். எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம். நாய் வளர்க்கும் அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஜூலி குட்டி போட்டபோது கடுவன் குட்டிகளை வாசலுக்கே வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். பொட்டைக் குட்டிகளை ஒருவரும் சீண்டவில்லை. சாக்கில் போட்டுச் சந்தைப் பக்கம் விட்டுவிடலாமே என்று நல்ல மனுஷர்களே சொன்னார்கள். அம்மா விடவில்லை. அதில் ஒன்று லாரியில் அடிபட்டுச் செத்தது. இன்னொன்று டீக்கடை வாசலில் வளர்கிறது. அதுவும் சீக்கிரம் குட்டி போடும்.

இந்த விஷயத்தில் நம் லீவைப் பார்த்து டிக்கெட் போட்டால் வேலைக்கு ஆகாது, நாயின் பருவத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். அந்தச் சமயத்தில் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், கத்தி வைத்தால் ரத்தப்போக்கு அதிகம். அதனால் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்யத்தான் டாக்டர்கள் விரும்புவார்கள். அம்மா பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் பங்குனியில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘ஜூ’ என்று எழுதியிருந்தாள். அதைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, ஜூன் கடைசி என்று முடிவு செய்தேன். மெல்பர்ன் பள்ளிகளுக்கு அப்போது குளிர்கால விடுமுறை. கூட ஒரு வாரம் சேர்த்து லீவு எடுத்தேன். தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும், அதுவரை கூட ஆள் வேண்டும்.

அந்தப் பங்குனியை அம்மா ஓட்டியது தனிக் கதை. சுமார் மூன்று வாரம். முதல் பத்து நாள் சிவப்பாகப் படும், ஆனால் பெரும்பாலும் கடுவனைக் கிட்டே விடாது. அப்புறம் கசிவு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். ‘ரத்தம் நின்னுடுச்சு, அவுத்து விடலாம்’ என்று தெருவில் எல்லோரும் சொல்வது இந்த நேரத்தில்தான். சினை பிடிக்கும் நாட்களும் இவைதான். கொல்லையில் சங்கிலி போட்டுக் கட்டினாலும் பிரயோஜனமில்லை, கட்டியிருப்பது ஜூலிதானே தவிரக் கடுவன்கள் இல்லை. அம்மா பழைய பத்தாயம் இருக்கும் அறையில் அடைத்துப் போட்டு, காலையும் மாலையும் கயிற்றைக் கையிலேயே பிடித்துக் கூட்டிப் போனாள். பிறப்புறுப்பு வீக்கம் முழுக்க வற்றும்வரை இதே கதைதான். தெருவில் இணைந்து நிற்கும் நாய்கள் மேல் கல்லெறிவதும் வெந்நீர் ஊற்றுவதும் ஊரில் இன்னும் நடக்கிறது. சும்மா விட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் தானே பிரிந்துவிடும். இழுத்துப் பிரித்தால் இரண்டுக்கும் காயம்.

எங்கே செய்வது என்பதற்கு அலைந்தேன். உள்ளூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் தங்கமான மனுஷர். சினை ஊசிக்கும் கன்றுக் கழிச்சலுக்கும் நடுவே என்னிடம் நிதானமாகப் பேசினார். ‘இங்க அதுக்கான மேஜையும் இல்ல, மயக்கம் குடுத்தா பாத்துக்க ஆளும் இல்ல. ஒரத்தநாடு போயிடுங்கம்மா’ என்றார். அதற்கு முன் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் கேட்டேன். நாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி போட்டால் பருவமே வராது, ஆபரேஷன் எதற்கு என்றார்கள். அந்த ஊசி கர்ப்பப்பையில் சீழ் வைக்க வழி செய்யும். பருவம் முடிந்து சில வாரத்தில் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து படுத்தால் அந்தச் சீழாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். ஆபரேஷன் செய்துவிட்டால் அந்தப் பயமே இல்லை. அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதோடு சேர்ந்து சிகிச்சை வளாகமும். தஞ்சாவூர் தாண்டிப் பட்டுக்கோட்டை சாலையில் போக வேண்டும். நாயை ஏற்ற ஆட்டோவும் வராது, வாடகைக் காரும் வராது. கடைசியில் தெரிந்த பையன் ஒருவன், ‘சீட்ல முடி ஒட்டாம பாத்துக்குங்கக்கா’ என்ற நிபந்தனையோடு வந்தான். மொத்தச் செலவில் பெரியது அவன் வாடகைதான்.

முதல் நாள் பரிசோதனையும் ரத்தமும் மட்டும். மாட்டுக் கொட்டகையில் புரளும் நாய்க்கு உண்ணி இல்லாமல் இருக்காது. உண்ணிக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் ஆபரேஷனில் ரத்தம் உறையாது. நம் பக்கத்து நாய்களுக்கு இந்தச் சோதனை இல்லாமல் கத்தி வைக்க விடாதீர்கள். ஜூலிக்கு எண்ணிக்கை நன்றாக இருந்தது. அடுத்த முறைக்கு முந்தின இரவிலிருந்து பட்டினி போடச் சொன்னார்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். விடியற்காலையில் கொல்லை வழியாக வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, ‘பாவம், வாயில்லா ஜீவன்’ என்று இட்லியோடு குனிந்தார். அம்மா போட்ட சத்தத்தில் இட்லி காக்காய்க்குப் போனது.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து, வெளியே மருந்துக் கடையில் சில சாமான்கள், மாணவர்கள் கூட நின்று பார்க்கலாமா என்று ஒரு கேள்வி. பார்க்கட்டும் என்றேன்; ஒரு ஜோடிக் கண்ணுக்குப் பதில் பல ஜோடிக் கண்கள், நல்லதுதானே. மதியம் ஜூலியைக் கொடுத்தபோது வயிற்றில் மயிர் மழித்து, நாக்கு ஓரமாகத் தொங்க, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தாள். சாக்கை விரித்து, மேலே அம்மாவின் பழைய சேலையைப் போர்த்திக் கூட்டி வந்தோம். நன்றாகத் தெளியும்வரை தண்ணீர்கூட இல்லை. வலிக்கு அவர்கள் எழுதியது மட்டும்தான். மனுஷ மாத்திரை எதுவும் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்கள்.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்தால் கொஞ்ச நாளில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும். ஜூலிக்கு மதியத் தூக்கம் அந்தச் சேற்றில்தான். தையலில் ஈரம் படவே கூடாது என்றால் மறுபடி பத்தாயம் அறைதான். நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று வாங்கினோம். அதோடு நிலைப்படியில் இடித்து, குடத்தைத் தட்டிவிட்டு, ஒரே ரகளை. அம்மா என் பழைய பனியனில் வாலுக்கு ஓட்டை வெட்டி, முதுகில் நாடா வைத்துத் தைத்தாள். அது பிரமாதமாக நின்றது. ஒன்றை ஈரத்துக்குக் கழற்றி இன்னொன்றை மாட்ட மூன்று பனியன்.

தையலை உள்ளூர் மாட்டாஸ்பத்திரி டாக்டரே வராந்தாவில் வைத்துப் பிரித்துவிட்டார். இரண்டு மாடுகளுக்கு நடுவில் ஐந்து நிமிஷ வேலை. இனி உடம்பு வைக்கும், சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள் என்றார். அம்மா தலையாட்டினாள். குறைப்பாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

நான் கிளம்பும் வாரம் இட்லிப் பெரியம்மா, தன் வீட்டுப் பெட்டைக்கும் இதைச் செய்யலாமா என்று கேட்டார். அதற்கு இப்போதுதான் படத் தொடங்கியிருக்கிறது. புரட்டாசிக் கடைசிக்குள் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன், ஐப்பசி அடைமழையில் தையலைக் காய வைப்பது பெரும்பாடு. கார் ஓட்டும் பையனிடமும் பேசியாகிவிட்டது, சீட்டுக்கு விரிக்கப் போர்வை பெரியம்மா வீட்டுடையது.