கடைசிப் பாட்டும் சுத்தமாகக் கேட்க: கார்ட்ரிட்ஜ் பொருத்தும் கருவிகளோடு என் அனுபவம்

என்னிடம் இருக்கும் ரெக்கார்ட் பிளேயர் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. அதில் சில வருஷங்களாக ஓடுவது ஆடியோ-டெக்னிகா விஎம்95எம்எல் கார்ட்ரிட்ஜ், அதாவது ரெக்கார்டின் பள்ளத்தை ஊசியால் படிக்கும் சிறு பாகம். இரண்டுமே குறை சொல்ல முடியாத பொருட்கள். ஆனால் கார்ட்ரிட்ஜைச் சரியாகப் பொருத்தாவிட்டால், எல்பியின் கடைசிப் பாட்டு வரும்போது பாடகியின் ஸகரமும் ஷகரமும் கரகரவென்று சிதறும். ரெக்கார்ட் தேய்ந்துவிட்டது என்று நினைப்போம். பல சமயம் ரெக்கார்டில் ஒரு கோளாறும் இருக்காது.

காரணம் எளிது. எல்பியில் ஊசி வெளி ஓரத்தில் இருக்கும்போது அதன் கீழே நொடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. உள்ளே வரும்போது அது 21 செ.மீ. ஆகிவிடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்துக்குள் நெருக்கி எழுதியிருப்பார்கள். அங்கே ஊசியின் கோணம் கொஞ்சம் பிசகினாலும் காதில் தெரிந்துவிடும். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் வளைவாகத்தான் நகரும், ரெக்கார்டில் பள்ளத்தை வெட்டிய இயந்திரமோ நேர்கோட்டில் நகர்ந்தது. அதனால் கோணம் துல்லியமாகப் பொருந்துவது இரண்டே இடங்களில்தான். இந்த இடங்களைத் தீர்மானிக்கும் கணக்குகளில் ஒன்றான பேர்வால்ட் கணக்குப்படி மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரத்தில் அவை வரும்.

டெக்னிக்ஸோடு வரும் பிளாஸ்டிக் அளவுகோல் ஊசிமுனையை ஹெட்ஷெல்லின் (டோன்ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் திருகி மாட்டும் பாகம்) பின் விளிம்பிலிருந்து 52 மி.மீ.-இல் நிறுத்தச் சொல்லும். வேலை வேகமாக முடியும், மோசமும் இல்லை. எனக்குப் பேர்வால்ட்தான் பிடித்திருக்கிறது. அதற்கு மாறினால் கார்ட்ரிட்ஜ் சுமார் 3 மி.மீ. முன்னால் போய், ஹெட்ஷெல்லின் ஓரத்தோடு இணையாக இல்லாமல் லேசாக உள்பக்கம் திரும்பி நிற்கும். பார்ப்பவர்கள் கோணலாக இருக்கிறதே என்பார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

கருவிகளில் எனக்கு அதிகம் உழைத்தது வில் கோடு போட்ட புரொட்ராக்டர், அதாவது கார்ட்ரிட்ஜின் இடத்தையும் கோணத்தையும் சரிபார்க்கும் அளவுத் தாள். சுழல் அச்சிலிருந்து ஆர்மின் அச்சு வரை எஸ்எல்-1200-க்கு 215 மி.மீ. அதைக் கொடுத்தால் நமக்கான வில்லை வரைந்து தரும் இலவச வார்ப்புருக்கள் கிடைக்கின்றன. அச்செடுத்ததும் முதல் வேலையாக ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பிரிண்டர் 98 சதவீதத்துக்குச் சுருக்கியிருந்தால் அந்தத் தாள் குப்பைக்குத்தான். நடுத்துளை அச்சில் இறுக்கமாக உட்கார வேண்டும், ஆடினால் எல்லாமே வீண். அப்புறம் முகம் பார்க்கும் கண்ணாடியில் அச்சிட்ட புரொட்ராக்டர் ஒன்றும் வாங்கினேன். காசு கொடுத்து வாங்கியதில் இதற்குத்தான் முழு மதிப்பும் கிடைத்தது.

ஏன் என்றால், நேராக்க வேண்டியது கார்ட்ரிட்ஜின் உடலை அல்ல, கேண்டிலீவரை. ஊசியைத் தாங்கும் அந்த மெல்லிய அலுமினியக் குச்சி, புத்தம்புது கார்ட்ரிட்ஜிலும் உடலோடு நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும் என்று நம்ப முடியாது. கண்ணாடி புரொட்ராக்டரில் ஊசியை இறக்கி, சிறிய எல்இடி டார்ச்சைத் தாழ்வாக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு 10 மடங்கு லென்ஸில் முன்னாலிருந்து பாருங்கள். குச்சியும் அதன் பிம்பமும் ஒரே கோடாகி, அந்தக் கோடு கட்டத்துக் கோட்டின் மேல் விழ வேண்டும். திருகுகள் பாதி இறுக்கத்தில் இருந்தால் நகத்தால் தள்ளியே மயிரிழை அளவு திருத்தலாம். விஎம்95-இல் திருகுமரை உடலிலேயே இருக்கிறது, நட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். இந்த வசதிக்காகவே முதல்முறை பொருத்துபவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்வேன்.

ஊசி அழுத்தத்துக்கு 0.01 கிராம் காட்டும் மின்னணுத் தராசு போதும். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம். தராசின் தட்டு ரெக்கார்டின் உயரத்துக்கு அருகில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், உயரமாக இருந்தால் அளவு பிசகும். டெனான் டிஎல்-103 மாதிரி, வலுவான காந்தமுள்ள மூவிங் காயில் வகைக் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இரும்புத் தட்டுள்ள தராசைத் தொடவே கூடாது. காந்தம் தட்டை இழுத்து எண்ணைக் கெடுத்துவிடும். ஸ்க்ரூடிரைவருக்கும் இதே எச்சரிக்கைதான். கார்ட்ரிட்ஜை முன்பின் நகர்த்தினால் எடையும் மாறும் என்பதால், கோணம் முடிந்ததும் மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

ஓடும்போது டோன்ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டிஸ்கேட்டிங்கைச் சரிபார்க்கப் பள்ளமே இல்லாத வழுக்கைத் தட்டு விற்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் உரசும் ஊசி வேறு, வழுக்குப் பரப்பில் போகும் ஊசி வேறு. ஊசி அழுத்தத்துக்குச் சமமான எண்ணில் தொடங்கி, கடைசிப் பாட்டில் இரண்டு ஸ்பீக்கரிலும் ஸகரம் ஒரே மாதிரி கேட்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே எனக்குச் சரிப்பட்டு வருகிறது.

பழைய தமிழ் சினிமாப் பாட்டுகளை நிமிஷத்துக்கு 45 சுற்று ஓடும் சிறிய ஈபி தட்டுகளிலேயே அதிகம் கேட்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 7 அங்குலத் தட்டில் பள்ளம் மையத்திலிருந்து 54 மி.மீ. வரைகூட உள்ளே போகலாம். அவர்களுக்கு, கோணம் பொருந்தும் இரண்டு இடங்களில் உள்ளே இருப்பதை 60.3 மி.மீ.-இல் வைக்கும் ஸ்டீவன்சன் கணக்கு நல்லது. எல்பி, ஈபி இரண்டும் நிறையக் கேட்பவர்கள் இன்னொரு ஹெட்ஷெல் வாங்கி, அதில் ஒரு கார்ட்ரிட்ஜை ஈபிக்கென்றே பொருத்தி வைத்துக்கொள்ளலாம். டெக்னிக்ஸில் மாற்றிப் போட ஒரு நிமிஷம் ஆகாது. ஊசி அழுத்தத்தை மட்டும் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.